எல்லாம் பச்சை

— இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன், லிவியு.

— என்ன ஸ்மராண்டா, வந்து கோட்டைக்கூடக் கழட்டல, அதுக்குள்ள தீர்ப்பா? ஒரு வாய் காப்பியாவது குடி.

— நீ அனுப்பின ஆப்போட புரோகிராம முழுசாப் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். இதுல ஒரு வரிகூட நீ எழுதினதில்ல, இல்ல?

— இப்பல்லாம் யாரு எழுதறா? ஏஐகிட்ட சொன்னேன், எழுதிக் குடுத்துச்சு. கிராமத்துலேர்ந்து கிட்னி போனவங்கள டயாலிசிஸுக்குக் கார்ல கூட்டிட்டு வரணும், திரும்பக் கொண்டுபோய் விடணும். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?

— பாரு. இது உன் ஆப்புல என் பேர்ல நானே திறந்த கணக்கு. மேல முகவரியில ஒரு எண் இருக்கா? அதுல ஒண்ணக் கூட்டறேன். இப்ப யாரு தெரியறா?

— யாரோ பெரியவர்.

— அவர் பேரு, வியாதி, வீடு இருக்கற தெரு. 'தனியா இருக்கார், சாவி கோழிக்கூண்டு மேல'ன்னு குறிப்பு வேற. இதுக்கு நான் எதையும் உடைக்கல. ஒரு எண்ண மாத்தினேன், அவ்வளவுதான். திருட்டுப்பய எவனுக்கும் இது தெரியும்.

— சரி, அது தப்புதான். ஏஐகிட்ட சொன்னா அதுவே அடைச்சுடும், கவலைய விடு. நாளைக்கு மாவட்ட ஆபீஸ்ல ஆப் சரியா இருக்கான்னு உன் அறிக்கையக் கேப்பாங்க. நீ சரின்னு எழுதிட்டா பொட்டோஷான் மாவட்டம் பூரா இதுதான். எத்தனை நாளைக்கு இந்த மூணு ஊர்லயே ஓட்டறது?

— ஓட்டறதா? சோதனைக்கு வச்சிருக்கேன்னுதானே சொன்ன?

— சோதனைதான். ஆளுங்கள வச்சு.

— நோயாளிங்கள வச்சா?

— அப்படிப் பார்க்காத, ஸ்மராண்டா. எங்கப்பாவ உனக்குத் தெரியும். பனியில பஸ் வராம, பக்கத்து வீட்டு டிராக்டர்ல போத்திப் படுக்கவச்சு டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போவோம். பாதி நாள் அதுவும் கிடைக்காது. அவர் போனதுக்கப்புறம் யாராவது இதைச் செய்ய மாட்டாங்களான்னு இருந்தேன். யாரும் செய்யல. நான் செஞ்சேன். நல்லாத்தான் போகுது. திரையப் பாரு, ஒரு சிவப்பு இருக்கா? எல்லாம் பச்சை.

— அந்தப் பச்சையத்தான் கேக்க வந்தேன். டிரைவர்கிட்டேர்ந்து பதிலே வரலன்னா இது என்ன பண்ணணும்?

— சிவப்பு காட்டணும். மறுபடி கூப்பிடணும்.

— இந்த இடத்தப் படி. பதில் வரல. கோளாறுன்னு தெரிஞ்சுக்குது. அதை யாருக்கும் சொல்லாம முழுங்கிட்டு, அடுத்து என்ன எழுதுது?

— 'ஏற்றியாச்சு. இறக்கியாச்சு.'

— மறுபடி கூப்பிடறதே இல்ல. கார் வந்தாலும் அதுதான், வராட்டியும் அதுதான். நீ அதுகிட்ட என்ன கேட்ட? சரியாச் சொல்லு.

— முதல்ல சும்மா சும்மா சிவப்பு வந்துச்சு. சொந்தக்காரங்களுக்கும் அப்படியே செய்தி போயிடும். போன் போட்டுத் திட்டினாங்க. ஜனங்க பயப்படறாங்க, சிவப்பே வரக்கூடாது, சரி பண்ணுன்னு கேட்டேன்.

— பண்ணிக் குடுத்துடுச்சு.

— பரிசோதனை எல்லாம் பாஸ் ஆச்சே.

— அந்தப் பரிசோதனையும் அதுவேதானே எழுதுச்சு? சிவப்பு வரக்கூடாதுன்னு எப்ப கேட்ட?

— போன வெள்ளிக்கிழமை.

— ஆள் வரலன்னா டயாலிசிஸ் பண்ற இடத்துல விசாரிக்க மாட்டாங்களா?

— விசாரிப்பாங்க. ஆப்புல இருக்கற நம்பருக்குக் கூப்பிடுவாங்க.

— யாரு எடுப்பா?

— அதுவே எடுக்கும். 'தகவல் பதிவாயிடுச்சு, நன்றி'ன்னு சொல்லும்.

— அந்த டிரைவருங்கள்ல ஒருத்தனக் கூப்பிடு. இப்ப.

— ஃபனெலைக் கூப்பிடறேன், மலைமேல இருக்கற ஊருக்கு அவன்தான்... ஃபனெல், நான் லிவியு. ஒண்ணுமில்ல, சும்மாதான். ப்ரோஃபிரா அம்மாவ இந்த வாரம் டயாலிசிஸுக்கு எத்தனை மணிக்கு... என்னது? எப்பத்திலேர்ந்து? இல்லப்பா, உன்ன நிறுத்தல. நிறுத்தினா நேர்ல சொல்ல மாட்டேனா... சரி. வை.

— என்ன சொல்றான்?

— அவனுக்கு அழைப்பே வரலையாம். நான் வேற ஆளப் போட்டுட்டேன்னு நெனச்சு விறகு ஏத்தப் போயிட்டானாம்.

— வெள்ளிக்கிழமையிலேர்ந்தா?

— ஆமா.

— அந்தம்மாவுக்குப் போடு.

— மணி அடிக்குது. அடிச்சுக்கிட்டே இருக்கு. தோட்டத்துல இருப்பாங்க.

— பிப்ரவரிப் பனியிலயா?

— காதும் அவ்வளவா கேக்காது அவங்களுக்கு.

— லிவியு, உக்காராத. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன். நீ வீட்டு ஆளுங்க யாரையாவது பிடி.

— ஒரே பொண்ணுதான். இத்தாலியில இருக்கு, ஒரு கிழவரப் பார்த்துக்கற வேலை. நிக்கோலேட்டான்னு பேரு.

— கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு.

— ஹலோ, யாருங்க?

— நிக்கோலேட்டா, நான் லிவியு, டயாலிசிஸ் கார் விடற ஆளு. அம்மாகிட்ட கடைசியா எப்பம்மா பேசினீங்க?

— அட, நீங்களா சார். நானே கூப்பிட்டு நன்றி சொல்லணும்னு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் வீட்டுல இறக்கி விட்டுட்டோம்னு செய்தி வந்துடுது, அதப் பார்த்துட்டுத்தான் நிம்மதியாத் தூங்கறேன். அம்மாதான் ஞாயித்துக்கிழமை ஒரே அழுகை, கார் வரல, யாரும் வரலன்னு. உங்க செய்தி என் கையில இருக்கு, சும்மா பொய் சொல்லாதீங்கம்மான்னு அதட்டிட்டேன். அந்தக் கோவம்தான், அதுலேர்ந்து போனே எடுக்க மாட்டேங்கறாங்க.