தடுமாறாமல் பதில் சொன்னவரைத் தடுத்து நிறுத்திய அம்மையாருக்கு

பெயர் குறிப்பிட இயலாத பெருமைக்குரிய அம்மையீர்! உதவித்தொகைப் பிரிவின் உறக்கமறியாக் கண்காணிப்பாளரே! கடைக்கண் பார்வை ஒன்றாலேயே கணினித் திரைகளைப் பூட்டவைத்த கண்டிப்பின் கருவூலமே! வணக்கம்.

இந்தப் பணி நிறைவு விழாவுக்கு வந்திருப்போர் வியக்க வேண்டாம். இம்மடலிலும் முதலில் ஒரு பெயர் இருந்தது. பிறந்த நாள், பிறந்த ஊர், பெற்றோர் பெயர், பணியில் சேர்ந்த நாள், பணியாளர் எண் என யாவும் பூவேலைக் கட்டத்துக்குள் பொன்னிற எழுத்தில் பொலிவுற அச்சாகி, சட்டமும் போட்டாயிற்று. முந்தாநாள் அதைப் பெருமை பொங்கத் தங்கள் மேசையில் வைத்தோம். தாங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தீர்கள். நெகிழ்ந்துபோவீர்கள் என்று நாங்களும் எதிர்பார்த்து நின்றோம்.

"இதை எங்க மாட்டணும்கிறீங்க?" என்று கேட்டீர்கள்.

"வீட்டு முன்னறையிலதான் மேடம். வர்றவங்க போறவங்க எல்லாம் பாக்கட்டுமே!" என்றார் நம் தட்டச்சர்.

"பாப்பாங்க. போட்டோவும் எடுப்பாங்க. என் பென்ஷனை வேற ஒருத்தன் வாங்கிட்டுப் போக இதுல இன்னும் என்ன விவரம் பாக்கி? நீங்களே சொல்லுங்க."

சட்டத்தைக் கழற்றி, அந்தத் தாளைத் தாங்களே சுக்குநூறாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். அச்சுக்கூலி காற்றோடு போன துக்கத்திலிருந்து நம் காசாளர் இன்னும் மீளவில்லை. ஆகவே அம்மையீர், இம்மடலில் தங்கள் பெயரில்லை, நாளில்லை, எண்ணில்லை. எத்தனை ஆண்டு உழைத்தீர்கள் என்பதைக் கூட எழுதாமல் விட்டோம். அதிலிருந்து வயதைக் கணக்குப் போட்டுவிடலாமாம்!

தங்கள் தகைமைகளைத் தொகுத்துச் சொல்வது மரபு. காத்திருப்போர் கூடத்தில் எவர் எண்ணையும் உரக்கப் படிக்காதீர்கள் என்றீர்கள். துண்டுத்தாளில் எழுதிக் காட்டச் செய்து, காட்டியவர் கையிலேயே அதைத் திருப்பிக் கொடுத்தீர்கள். தண்ணீர் குடிக்க எழுந்தவர் திரையைப் பூட்டாமல் போனால், அவர் நாற்காலியில் தாங்களே போய் அமர்ந்து, அவர் வந்து அசடு வழியும் வரை அசையாதிருந்தீர்கள். வீணான சான்றிதழ் நகல்களின் பின்பக்கத்தில் கடைச் சாமான் குறித்துக்கொண்டிருந்த எங்கள் சிக்கனத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்தீர்கள். காசாளரின் மாமியாரே வங்கிக் கணக்கை மாற்ற வந்தபோதும், உரிய சான்று இல்லையென்று கையை விரித்தீர்கள். "மாப்பிள்ளை வேலை பாக்குற லட்சணம் இதுதானா?" என்று அந்த அம்மாள் அன்று கேட்ட கேள்வி அவர் வீட்டில் இன்றும் ஓயவில்லை என்று கேள்வி.

தங்கள் முதுகுக்குப் பின்னால் தங்களுக்கு நாங்கள் வைத்த பெயர் 'பூட்டு'. அது தங்களுக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் கேலியாக வைத்த அந்தப் பெயரை நாங்களே மரியாதையோடு சொல்லத் தொடங்கியது கடைத்தெருத் தையற்காரம்மாவின் விவகாரத்துக்குப் பிறகுதான்.

அவர் கணவரை இழந்தவர். கண்ணில் புரை வளர்ந்து, ஊசியில் நூல் கோக்கவே பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடவேண்டிய நிலை. தையல் வரும்படி வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகிவிடும். உதவித்தொகை வந்தால்தான் கடைக்கு வாடகை. வாடகை தவறினால் கடை போகும், கடையோடு அதன் பின்னறையும் போகும். அவரும் மகளும் குடியிருந்தது அந்தப் பின்னறையில்.

ஒருநாள் அவரைத் தேடி ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் தொகையைக் கூட்டித் தரப்போகிறோம், விவரம் சரிபார்க்க வேண்டும் என்றது தேன் தடவிய குரல். அரசாங்கமே தன்னைத் தேடி அழைக்கிறதே என்று அவருக்கு ஒரே பூரிப்பு. அட்டை எண், அதிலுள்ள பிறந்த தேதி, பாஸ்புக் எண், காலமான கணவர் பெயர் என்று கேட்டதையெல்லாம் மகளைவிட்டுப் படிக்கச் சொல்லி, ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு, நிம்மதியாகத் தைக்கப் போனார்.

அடுத்த வாரம் தங்கள் சன்னலுக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை, கையில் பிளாஸ்டிக் உறை. "அக்கா படுத்த படுக்கையா இருக்காங்க மேடம். நான் அவங்க தம்பி. பணம் இனிமே இந்தக் கணக்குக்கு வரணும்" என்று கையொப்பமிட்ட விண்ணப்பத்தை நீட்டினார். தாங்கள் கேட்கக் கேட்க, அட்டை எண்ணையும் பிறந்த தேதியையும் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னார். ஓர் எழுத்துப் பிழையில்லை, ஒரு நொடித் தயக்கமில்லை. பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது.

"இவ்வளவு சரியா சொல்றாரே மேடம், முடிச்சு அனுப்பிடலாமே" என்று முணுமுணுத்தோம்.

"நம்ம சன்னலுக்கு வர்றவங்க யாராவது இவ்வளவு சரியா சொல்லிப் பாத்திருக்கீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டீர்கள்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. உரியவர்கள் இங்கே வந்தால் தடுமாறுவார்கள். பிறந்த தேதியைக் கேட்டால் திருமண நாளைச் சொல்வார்கள். அட்டையைக் கேட்டால் பையைக் கொட்டிக் கவிழ்த்துச் சாவிக்கொத்தை எடுத்து நீட்டுவார்கள். தன் வாழ்க்கையை எவரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை.

"உக்காருங்க தம்பி, சரிபாத்துட்டு வந்துடறேன்" என்று அவரைப் பெஞ்சில் அமர்த்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தாங்கள் கடைத்தெருவுக்கு நடந்தீர்கள். அங்கே படுத்த படுக்கையாக இருக்கவேண்டியவர் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார்.

"உடம்புக்கு ரொம்ப முடியலையாமே? உங்க தம்பி சொன்னாரு."

"தம்பியா? எனக்குக் கூடப்பொறந்தவங்க யாருமே இல்லியே!"

"சரி, உங்க பிறந்த தேதி என்ன?"

"அதுவா... நல்ல மழையில பொறந்தேன்னு எங்கம்மா சொல்லுவாங்க. அட்டையில என்ன போட்டிருக்கோ, பாத்துத்தான் சொல்லணும்."

தாங்கள் முழுதாக நம்பியது அந்தப் பதிலைத்தானாம். நடந்ததைத் தாங்கள் சொல்லச் சொல்ல அவருக்கு எல்லாம் விளங்கியது. தேன் தடவிய குரல் நினைவுக்கு வந்தது, வாடகைக்கு வந்து நிற்கும் கடைச் சொந்தக்காரர் முகம் நினைவுக்கு வந்தது. கால் மிதிப்பதை மறந்தது. "என் வாயாலயே எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துட்டேனேம்மா, என்னை மாதிரி முட்டாள் உண்டா?" என்று அழுதார்.

"நீங்க முட்டாள் இல்ல. அவன் பொய்யன். வெக்கப்பட வேண்டியது அவன்தான்" என்றீர்கள். பிறகு அவருக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னீர்கள்: அலுவலகம் ஒருநாளும் தொலைபேசியில் எண் கேட்காது; கேட்டால் வைத்துவிட்டு நேரில் வரவேண்டும்; கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைப் பெற்ற பிள்ளையே கேட்டாலும் சொல்லக்கூடாது; ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் அழுவதற்கு முன் வங்கிக்கு ஓடவேண்டும். அவரையும் கையோடு வங்கிக்கு அழைத்துப் போனீர்கள். இதையெல்லாம் பின்னர் எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். தாங்கள் வாய் திறக்கவில்லை.

தாங்கள் திரும்பியபோது 'தம்பி' கம்பி நீட்டியிருந்தார். விண்ணப்பம் காவல் நிலையத்துக்குப் போயிற்று. அவர் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் மட்டும் இன்னும் நம் அலமாரியில் இருக்கிறது. தூக்கிப்போடலாமே என்றால், உரியவர் அடையாளச் சான்றோடு வரட்டும் என்கிறீர்கள்!

அந்தக் கணக்கை, அவரே நேரில் வராமல் எவரும் மாற்ற முடியாதபடி தாங்கள் முடக்கி வைத்தீர்கள். அடுத்த மாதத் தொகை அவருக்கே போய்ச் சேர்ந்தது. வாடகை போயிற்று, கடை நிலைத்தது, கண் சிகிச்சையும் முடிந்தது. அவர் இன்று இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறாரா என்று கேட்காதீர்கள். அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.

அம்மையீர்! தங்களோடு பணியாற்றியது எளிதாக இருந்ததென்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் தாங்கள் இல்லாத சன்னலை நினைத்தால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. நாளை முதல் தாங்கள் சன்னலுக்கு அப்புறம் நிற்பவர். தங்கள் பென்ஷன் கோப்பு இனி எங்கள் கையில். எவரேனும் வந்து தங்கள் பெயரையும் ஊரையும் எண்ணையும் தட்டுத்தடங்கலின்றிச் சொல்வாரானால், அவரைப் பெஞ்சில் அமர்த்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம். அப்படித் தட்டும் ஒவ்வொரு முறையும் தாங்களே வந்து திறக்குமளவு நலமும் நெடிய ஆயுளும் தங்களுக்கு வாய்க்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். தங்கள் விவரங்கள் தங்களுக்குத் தலைகீழ்ப் பாடம் என்பதை நாங்கள் அறிவோம். தாங்களே எங்கள் சன்னலுக்கு வரும் நாளில், தயவுசெய்து கொஞ்சம் தடுமாறிச் சொல்லுங்கள் அம்மா. இல்லையென்றால் தங்களையும் பெஞ்சில்தான் உட்கார வைப்போம்.

இப்படிக்கு,
தாங்கள் நன்கறிந்த, பிறர் அறியத் தேவையில்லாத,
உதவித்தொகைப் பிரிவுப் பணியாளர்கள்