கார் யோசிக்கிற நேரம்

மன்னாரிலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் வலப்பக்க ஜன்னலோரம் இருந்த பெண் சொன்னார்:

“மச்சாள், இவற்ற புதுக் கார் மிதிச்ச உடன போகாது. யோசிச்சுப்போட்டுத்தான் போகும்.”

“பழுதோ?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“இல்லை, டேர்போவாம். எஞ்சின் புகை போய் உள்ளுக்க ஒரு சின்ன விசிறியைச் சுத்தவேணுமாம். அது வேகம் பிடிச்சாத்தான் கார் பாயுமாம். லொறியை முந்தக் காரை வெளிய எடுத்துப்போட்டு மிதிப்பார். விசிறி சுத்துமட்டும் நான் செபம் சொல்லுவன்.”

“கியரைக் குறைச்சுப்போட்டு முந்தச் சொல்லன்.”

“சொன்னனான். அந்தப் பாய்ச்சல்தானாம் விருப்பம்.”

“அதுதான் பஸ்ஸில வாறியோ?”

“ஓம். ஆனா மகள் அவரோட வாறாள். ‘மிதியுங்கோ அப்பா’ எண்டு கத்துவாள்.”

அப்போது பஸ்ஸை முந்த வெளியே வந்த ஒரு வெள்ளைக் கார், எங்கள் ஜன்னலோரம் முன்னேறாமல் கூடவே ஓடியது. எதிரே லொறி. காரின் முன் சீற்றிலிருந்த சிறுமி ஜன்னலோரப் பெண்ணைக் கண்டு சிரித்துக் கை காட்டினாள். அவர் திருப்பிக் காட்டவில்லை. இரண்டு கைகளாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். சீழ்க்கைச் சத்தத்தோடு கார் பாய்ந்தது.

“போயிட்டினம்,” என்றார் மச்சாள்.

“வவுனியா போய்ச் சேருமட்டும் இன்னும் எத்தினை லொறி நிக்குதோ,” என்றார் அவர்.