எட்டடிப் பேருந்தும் மூன்றடிக் கதவும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, பயிற்சிக் குழுவின் பண்பார்ந்த உறுப்பினர்களே, பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் உறங்கவைத்துவிட்டு எங்கள் பேச்சில் உறங்காமல் இருக்கும் தாய்மார்களே, என்னோடு சான்றிதழ் பெறவிருக்கும் செவிலியத் தோழிகளே!

நன்றியுரை ஆற்ற என்னை அழைத்திருக்கிறார்கள். முதல் நன்றியை ஒரு மாபெரும் முடிவுக்குச் செலுத்துகிறேன். மூன்று அமர்வுகள், இரண்டு திருத்தங்கள், ஒரு வெளிநடப்பு. இத்தனையும் கடந்து நம் பயிற்சிக் குழு தீர்மானித்தது: ஆலோசனை அறையில் கண்ணீர் துடைக்கும் காகிதப் பெட்டி இனி மேசையின் இடப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் இராது!

என்ன ஐயா? வலப்பக்கம் உட்கார்ந்து அழுகிறவர் என்ன செய்வார் என்கிறீர்களா? துணைக்குழு அமைத்திருக்கிறார்கள். கவலை வேண்டாம்.

அதே அமர்வில், தேநீர் வருவதற்கு முந்தைய நான்கு நிமிடத்தில், இன்னொரு சின்ன விஷயமும் முடிந்தது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை கற்கும் எங்களுக்கு இருந்த நாற்பது மணி நேரச் செய்முறைப் பயிற்சி நீக்கப்பட்டது. இரண்டு நாள் வகுப்பே போதுமாம்.

அந்தச் சிகிச்சை என்ன சொல்கிறது? எண்ணம் அச்சத்தை எழுப்புகிறது. அச்சம் ஆளை முடக்குகிறது. முடங்கியவர், தாம் எண்ணியதே உண்மை என்று நம்பிவிடுகிறார். ஆகவே எண்ணத்தை எழுது. அதற்குச் சான்று கேள். பிறகு எழுந்து போய்ச் செய்து பார்! எழுதுவதை வைத்துக்கொண்டார்கள். கேட்பதை வைத்துக்கொண்டார்கள். செய்து பார்ப்பதை எடுத்துவிட்டார்கள். சிந்தனைப் பிழைகள் பத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் தோழி ஒருத்தி எங்கள் வகுப்பில் உண்டு. மூச்சுத் திணறும் ஒருவர் எதிரே உட்கார்ந்தால் என்ன செய்வது என்று அவளுக்கு யார் காட்டினார்கள்?

அவள் எதிரே வந்து உட்கார்ந்தார் ஒரு பேருந்து ஓட்டுநர்; பக்கத்தில் நான். பணிமனையில் அவருக்கு ‘ஹாரன்’ என்று பட்டப்பெயர். இருபத்தொரு வருடம் தெருக்களை அதிரவைத்தவர். ஐந்து வாரத்துக்கு முன் ஒரு வளைவில், குறுக்கே வந்த சைக்கிள்காரர் அவர் வண்டியில் மோதிக் காலை முறித்துக்கொண்டார். ஓட்டுநர்மேல் தவறில்லை என்றது விசாரணை. அவர் மனம் அதை ஏற்கவில்லை.

“சிஸ்டர், ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வழுக்குது. மறுபடி யாரையாவது இடிச்சிருவேன்” என்றார்.

தன் எண்ணத்தை அவரே எழுத வேண்டிய படிவத்தை, என் தோழி எழுதி நிரப்பினாள். கோப்பைச் சரிபார்க்க வருகிறவர்கள் கட்டம் காலியாக இருக்கிறதா என்று மட்டும்தானே பார்க்கிறார்கள்?

“ஏன்டி, அவர் மனசுல இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“அவரு யோசிச்சு யோசிச்சு எழுதுறாருடி. வெளிய ஏழு பேர் நிக்கிறாங்க. கையெழுத்து வேற கோழி கிளறுன மாதிரி இருக்கு!”

‘மாற்று எண்ணம்’ என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தது: நான் தன்னம்பிக்கை மிக்க, தலைசிறந்த ஓட்டுநர். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

“யாரு சிஸ்டர் இது? நல்ல டிரைவரா இருப்பாரு போல. அவரையே அனுப்பிருங்களேன்.”

சிரிக்கிறீர்கள். எல்லாக் கட்டமும் நிரம்பியதால் கோப்பில் ‘தேறினார்’ என்று முத்திரை விழுந்தது. பணிமனை அந்த முத்திரையை நம்பி ஓட்டுநர் தேர்வுக்கு நாள் குறித்துவிட்டது. தேர்வில் பாதி வழியில் வண்டியை நிறுத்தினால் ஓட்டுநர் வேலை போகும். மிஞ்சிய காலம் சாமான் அறையில் டயர் எண்ண வேண்டியதுதான். நிரம்பியது யாருடைய படிவம்? நிற்கப்போவது யாருடைய பிழைப்பு?

என் தோழிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குக் கற்றுக்கொடுத்ததை அவள் செய்தாள். நான் உணவு இடைவேளைகளில் பணிமனைக்குப் போனேன். நின்ற பேருந்தில் அவரை உட்காரவைத்து, வெற்றுப் படிவத்தையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்தேன்.

“இன்ஜினைப் போட்டா என்னண்ணே ஆகும்?”

“கை நடுங்கும். வண்டி தானாப் பாயும்.”

“நூத்துக்கு எவ்வளவு நிச்சயம்?”

“தொண்ணூறு.”

“எழுதிட்டுப் போடுங்க.”

போட்டார். பத்து நிமிடம் என்ஜின் உறுமியது. அவர் மூச்சும் உறுமியது. பிறகு அவரே எழுதினார்: ‘கை நடுங்கியது. வண்டி பாயவில்லை.’ கோழி கிளறிய எழுத்துத்தான். இரண்டு நாள் வகுப்பில் நான் கல்லாததை அந்த இரண்டு வரியில் கற்றேன்.

மறுநாள் பணிமனையைச் சுற்றி வந்தார். அடுத்த வாரம் காலி வண்டியில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, மூன்று நிறுத்தம் போய்த் திரும்பினார். அந்த வளைவு ஒன்றுதான் பாக்கி. அப்போது குழுவிடமிருந்து வந்தது எனக்கு ஓலை: ‘ஆலோசனை அறைக்கு வெளியே சிகிச்சை அளிக்கக் கூடாது.’

அவர் அச்சம் பேருந்தில் அல்லவா இருக்கிறது, ஐயா! அதை எந்த வாசல் வழியாக நான் அறைக்குள் கொண்டுவருவேன்? நம் அறைக் கதவின் அகலம் மூன்றடி. பேருந்து எட்டடி. நான் அளந்து பார்த்தேன்!

கைதட்டாதீர்கள். நிகழ்ச்சி நிரலில் கைதட்டலுக்கு ஏழாவது இடம்.

நீச்சல் சொல்லித்தருகிறேன் என்று கரும்பலகையில் குளம் வரைந்தால் சும்மா இருப்பீர்களா? தையல் வகுப்பில் ஊசியை மட்டும் பூட்டிவைத்தால் பொறுப்பீர்களா? அஞ்சி வந்தவரின் கையைப் பிடித்து அந்த வளைவு வரை நடக்கத் தெரியாத எங்களுக்கு எதற்குச் சான்றிதழ்? எதற்குச் சரிகைச் சால்வை? எங்கள் நாற்பது மணி நேரத்தைத் திருப்பித் தாருங்கள்! அறையைத் திறந்துவிடுங்கள், எங்களைத் தெருவுக்கு அனுப்புங்கள்!

மேடை தந்த குழுவுக்கும், பொறுமை காத்த பெரியோருக்கும், விழித்திருந்த தாய்மார்களுக்கும் என் நன்றியும் வணக்கமும். ஓட்டுநரின் தேர்வு நாளை காலை ஆறு மணிக்கு, அந்த வளைவு வழியாக. அவரோடு வெளியே செல்ல அனுமதி கேட்ட என் மனு வியாழக்கிழமை குழுவில் வைக்கப்படுகிறது. இன்று திங்கள்.