இரண்டாவது முயல்

ஆய்வுகூடத்துக்குள் தேநீர் கொண்டுபோகக் கூடாது. இத்தனை வருடங்களில் அந்த விதியை நான் ஒருமுறைகூட மீறியதில்லை. இதையும் உங்கள் விசாரணை அறிக்கையில் பதிந்துகொள்ளுங்கள். நான் எப்படி வேலை செய்பவள் என்று உங்களுக்கு விளங்கும்.

தென் லண்டனில், ஒரு மருத்துவமனையின் புற்றுநோய் ஆய்வுகூடம் எங்களுடையது. உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு புரதத்தில் பொஸ்பேற்று என்ற சிறு மூலக்கூறு ஒட்டிக்கொண்டால், பெருகு என்ற கட்டளை ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். அப்படி ஒட்டிய புரதத்தை மட்டும் பிடித்துக் காட்டும் பிறபொருளெதிரியை, அதாவது அன்டிபொடியை, முயலின் இரத்தத்திலிருந்து எடுத்துச் சுத்தப்படுத்துவது என் பொறுப்பு. கட்டியில் அது நிறம் காட்டினால் நோயாளிக்குப் புதிய மாத்திரை. காட்டாவிட்டால் வழமையான கீமோ. நிறம் காட்டாதவருக்கு அந்த மாத்திரையால் ஒரு பயனும் இல்லை.

முதல் முயலுடையது அருமையாக வேலை செய்தது. 2006இல் அது தீரப்போகிறது என்று இரண்டாவது முயலுக்கு மாறினோம். சுத்தப்படுத்தியது நான்தான்.

ஒருநாள் இம்மாகுலேற் என் மேசைக்கு வந்தாள். பிஎச்டி செய்ய வந்த பிள்ளை.

"அக்கா, பொஸ்பேற்றைக் கழற்றிப்போட்டும் பார்த்தனான். அப்பவும் நிறம் வருது. இது எல்லாத்தையும் பிடிக்குது போல கிடக்கு."

"நீர் வடிவாக் கழுவியிருக்க மாட்டீர்."

"திருப்பித் திருப்பிச் செய்தனான் அக்கா."

"இன்னொருக்காச் செய்யும்."

அவள் சொன்னது சரி. அதற்கு முந்தைய வாரம் நானே செய்து பார்த்திருந்தேன். ஆனால் நோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கத் தொடங்கியாயிற்று. பேராசிரியர் ஒரு மாநாட்டில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டியும் இருந்தார். அடுத்த கிழமை சொல்லலாம் என்று இருந்தேன். கடைசியில் அவரிடம் நான் சொன்னது வேறு: அந்தப் பிள்ளைக்குக் கையில் நிதானம் இல்லை. அவளை வேறு வேலைக்கு மாற்றினார்கள். பிறகு படிப்பையே விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

தவராசா அண்ணையை லூயிஷாம் சிவன் கோவிலில் பழக்கம். அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு நிற்பவர். அவருக்கும் புற்றுநோய் வந்து எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். அவருடைய கட்டியும் நிறம் காட்டியது. எல்லாருடையதும் காட்டியது.

"பிள்ளை, நீர் இருக்கிற இடமெண்டபடியால் எனக்குப் பயமில்லை," என்றார்.

மாசியில் இறந்தார். கீமோ எடுத்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார். செத்தவீட்டில் அவருடைய மனைவி சுசிலா என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "நீரும் எவ்வளவு பாடுபட்டனீர்," என்று அழுதார். கையை இழுத்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. இழுக்கவில்லை.

தெரியாமல் நடந்த பிழை என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். ஆனால் தவராசா அண்ணையின் கட்டியிலிருந்து எடுத்த துண்டு வந்த அன்றுதான் என் தங்கை ரஜனியுடையதும் வந்தது. அவளுடையதற்கு மட்டும், குளிர்பெட்டியின் அடியில் மிஞ்சிக் கிடந்த முதல் முயலின் குப்பியை எடுத்தேன். நிறம் வரவில்லை. அவளுக்குக் கீமோ கொடுத்தார்கள். ஸ்ட்ரெதமில் சுகமாக இருக்கிறாள்.

குப்பியில் இன்னும் ஒருவருக்குப் போதுமான அளவு இருந்தது. அண்ணையுடையது என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது தேவைப்படும் என்று நினைத்து, குப்பியை மூடித் திரும்ப உள்ளே வைத்தேன்.