முதல் பக்கத்தில் ஒரு வரி

— பதினோரு செகண்டு.

— இன்னாடி பதினோரு செகண்டு?

— மில்லுக்காரரு நம்ம ப்ரொபோசல பாத்த நேரம், பிரியா. காலைல ஒம்போது இருவதுக்குத் தொறந்தாரு. பதினோரு செகண்டுல மூடிட்டாரு. வந்து நீயே பாரு, சாப்ட்வேர் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கு.

— பதினாலு பக்கம் அனுப்புனோமேடி. எந்தப் பக்கத்துல நின்னாரு?

— மொதப் பக்கம். ரெண்டாவதுக்கு வரவே இல்ல.

— சரி, டென்ஷன் ஆவாத. அறுப்பு சீசன், மில்லுல லாரி மேல லாரியா வந்து நிக்கும். சாயங்காலம் மறுபடியும் தொறப்பாரு. லைட்டா எடுத்துக்கோ.

— சாயங்காலம் அஞ்சு மணிக்கு இது காலாவதி ஆவுது. நீதான அப்படி வச்ச? கெடு வச்சாதான் கிளையன்ட் சீக்கிரம் முடிவு பண்ணுவாங்கன்னு சொன்ன. இப்ப மணி மூணு.

— கவர் சரியில்லையோ? பச்சை கொஞ்சம் டார்க்கா போட்டுட்டியோ?

— கோயம்புத்தூர் மசாலாக்காரருக்கும் இதே பச்சைதான். அவரு கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சாரு. துபாய்க்காரரு வெலப் பக்கத்த மட்டும் ஆறு தடவ பாத்தாரு. வெளியூருக்காரங்க எல்லாரும் படிக்கிறாங்க பிரியா. நம்ம பக்கத்து ஆளுங்க மூணு பேருதான் மொதப் பக்கத்தோட நின்னுட்டாங்க. வில்லியனூர் கல்யாண மண்டபம், ஏழு செகண்டு. திருக்கனூர் வெதக்கடை, ஒம்போது. இவரு பதினொண்ணு.

— இதெல்லாமா எண்ணினு இருக்க?

— மூணு வாரமா எண்றேன். உன்கிட்ட சொல்லல.

— சொல்றேன் கேளு. லோக்கல் ஆளுங்களுக்கு லிங்க் அனுப்புனா புரியாது. பிரின்ட் போட்டு, ஸ்பைரல் பண்ணி, நேர்ல குடுத்தா...

— மொதப் பக்கத்துல இன்னா இருக்குன்னு படி.

— எதுக்குடி?

— படியேன்.

— படம். 'ஜோப்ரியா டிசைன்ஸ்'. 'அரிகரன் நவீன அரிசி ஆலைக்கான திட்ட முன்மொழிவு. மூட்டை வடிவமைப்பு, இணையதளம், ஆன்லைன் விற்பனை'. தேதி.

— அதுக்குக் கீழ?

— தயாரித்தவர், ஜோஸ்பின். அப்புறம் அட்ரஸ்.

— அட்ரஸப் படி.

— ஜோஸ்பின்...

— படிடி.

— மாதா கோயில் தெரு, பெரிய காலனி, பாகூர்.

— அதான். அந்த வரிய நான் எழுதல. அக்கவுண்ட் ஆரம்பிச்சப்ப என் அட்ரஸக் குடுத்தேன், எல்லா ப்ரொபோசல்லயும் அதுவா வந்து ஒக்காந்துக்குது. கோயம்புத்தூருக்காரருக்கு அது வெறும் அட்ரஸ். இங்க இருக்கறவங்களுக்கு அந்த ஒரு வரி போதும். மிச்சம் பதிமூணு பக்கம் தேவையில்ல.

— சே, இந்தக் காலத்துல யாருடி அதெல்லாம் பாக்குறாங்க? நீயா எதையாவது நெனச்சுக்காத.

— உங்க வூட்டுல இன்னா சொல்லிட்டு இங்க வர்ற பிரியா?

— அது வேற.

— இன்னா சொல்லிட்டு வர்ற?

— பாகூர்ல கம்ப்யூட்டர் சென்டருக்குப் போறேன்னு.

— ரெண்டு வருசமா.

— எங்கப்பாவப் பத்தி உனக்குத் தெரியாதா? அதப் போயி இப்ப எடுக்கற.

— நான் எடுக்கல. அந்தப் பதினோரு செகண்டு எடுக்குது.

— டீ எடுத்துக்குங்க பாப்பா. ஜோஸ்பினு, நீயும் எடு. இன்னா ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வச்சினு இருக்கீங்க?

— ஒண்ணுமில்ல ஆன்ட்டி. என்ன வா போன்னு கூப்புடுங்கன்னு எத்தன தடவ சொல்றது?

— வாய் வர மாட்டேங்குது பாப்பா. மில்லு வேல வந்துச்சா?

— இல்லம்மா. நம்ம தெருப் பேரப் பாத்துட்டு மூடிட்டாரு.

— யாரு, அரிகரனா?

— அவரேதான்.

— அந்த ஆளு களத்துல பதினாலு வருசம் நெல்லு காய வச்சேன். கால வச்சுத் தள்ளித் தள்ளி குதிகால் வெடிச்சதுதான் மிச்சம். ஒரு நாள் ரோசம்மான்னு கூப்புட்டதில்ல. 'ஏ காலனி, அந்தப் பக்கம் தள்ளு'ம்பாரு. நாங்க இருவது பொம்பளைங்க, இருவது பேருக்கும் அதான் பேரு. மழ வந்தா மட்டும் 'ஏ காலனி, ஓடியா ஓடியா'ம்பாரு. அந்த ஆளுகிட்ட போயி இவ வேல கேக்கறாளேன்னு அன்னிக்கே நெனச்சேன். சொன்னா கேக்க மாட்டான்னு வுட்டுட்டேன்.

— வேலய நல்லா செஞ்சா தெருவ யாரு கேப்பாங்கன்னு நெனச்சேம்மா. வில்லியனூர் சந்தைக்குப் போயி ரெண்டு நாள் நின்னேன். அரிசிக் கடையில மூட்டைய எப்படி அடுக்குறாங்கன்னு பாத்தேன். படுக்க வச்சுதான் அடுக்குறாங்க, பேரு இருக்கற பக்கம் உள்ள போயிடுது. அதனால ஓரத்துல பேரு தெரியற மாதிரி போட்டேன். இதெல்லாம் அஞ்சாம் பக்கத்துல எழுதியிருக்கேன். அவரு அஞ்சாம் பக்கத்துக்கு வந்தாதான?

— ஆன்ட்டி, இதுக்கு ஒரு வழி இருக்கு. சொன்னா இவ கோவப்படுவா.

— சொல்லு பிரியா. நீ டீய வாங்குனதுலேர்ந்து அதத்தான் யோசிக்கற.

— எங்க அட்ரஸப் போடலாம். பெருமாள் கோயில் வீதி, கரிக்கலாம்பாக்கம். தயாரித்தவர்னு என் பேரு. 'திருத்திய பிரதி'ன்னு சொல்லி மறுபடியும் அனுப்பலாம். நீ உள்ள டீம் பக்கத்துல இருப்பல்ல?

— நாலாவது பக்கத்துல.

— நாலாவது பக்கத்துல. இன்னா இப்ப? ஒரு வரிதான்டி. எனக்கும்தான் இந்த வேல வேணும். தை மாசத்துக்குள்ள சொந்தமா ஒண்ணக் காட்டலன்னா எங்கப்பா மாப்ள பாக்க ஆரம்பிச்சுடுவாரு. அப்புறம் லேப்டாப்ப பீரோல வச்சுப் பூட்ட வேண்டியதுதான்.

— பதினாலு பக்கமும் நான் எழுதுனது. மூட்டையில இருக்கற நாத்துக் கட்டு நான் வரஞ்சது.

— யாரு இல்லன்னா?

— மாத்திக்கம்மா.

— நீயாம்மா சொல்ற?

— நான்தான் சொல்றேன். விலாசந்தான, போனாப் போவுது. இந்த வேல வரலன்னா திங்கக்கெழம நீ மெட்ராஸ் பஸ் ஏறிடுவ. அங்க அந்தக் கம்பெனிக்காரன் வேலைக்கு வான்னு தெனம் போன் போடுறான், எனக்குக் கேக்காமலா இருக்கு? உங்கப்பா போன பின்னால இந்த வூட்டுல பேச்சு சத்தம்னா அது உன்னோடதுதான். நீ போயிட்டா நான் இந்த செவுத்தப் பாத்துனுதான் ஒக்காந்திருக்கணும். வெக்கத்த வுட்டு சொல்றேன், மாத்திக்க.

— சரி. மாத்து பிரியா. ஆனா அந்த ரெண்டு மட்டும், பேரும் விலாசமும். வெலயக் கொறைக்கக் கூடாது. படத்த மாத்தக் கூடாது. ஒரு புள்ளி அசையக் கூடாது. எனக்குத் தெரியணும்.

— இன்னா தெரியணும்?

— வேல புடிக்காம மூடுறாங்களா, என்னப் புடிக்காம மூடுறாங்களான்னு.

— மாத்திட்டேன். அனுப்பவா?

— அனுப்பு.

— போயிடுச்சு. ஆன்ட்டி, நீங்களும் ஒக்காருங்க. இங்க பாருங்க, அவரு தொறந்தா இந்த எடத்துல பச்ச லைட்டு எரியும்.

— எரியுதே பாப்பா!

— ஐயோ, ஆமா! இப்பவே பாக்குறாரு!

— எந்தப் பக்கம்?

— ஒண்ணு. இருடி, இரு. ரெண்டு! ரெண்டாவதுக்குப் போயிட்டாரு!

— மாதாவே.

— மூணு. நாலு. அஞ்சாவதுல நிக்கறாரு. மூட்டை டிசைன் ஆன்ட்டி. இன்னும் அங்கியேதான் நிக்கறாரு. ஒரு நிமிசம் ஆச்சு. ரெண்டு. ஜோஸ்பின், அவருக்கு உன் நாத்துக் கட்டு புடிச்சிருக்குடி!

— நாலு நிமிசம் பத்து செகண்டு.

— ஏண்டி அழுவுற? சந்தோசப்பட வேண்டிய நேரத்துல.

— சந்தோசந்தான். இத்தன நாளா எனக்கு டிசைன் வரலியோன்னு நெனச்சேன் பிரியா. பச்சை சரியில்லையோ, எழுத்து சின்னதோ, இங்கிலீஷ் தப்போன்னு ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் பாத்தேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. அது எதுவுமே இல்ல.

— வெலப் பக்கத்தத் தாண்டிட்டாரு. கீழ ஏதோ எழுதறாரு, இரு. 'எல்லாம் நல்லா இருக்கு. பெருமாள் கோயில் வீதின்னா யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ?'

— மொதக் கேள்வி அதுதானா. மூட்டையப் பத்தி ஒண்ணும் கேக்கல.

— நம்ம பக்கம் எல்லாரும் கேக்கறதுதானடி. 'வீரமணி பொண்ணு சார்'. போட்டுட்டேன். பாரு, உடனே பதிலு. 'அடடே, கரும்பு வீரமணியா? நம்ம ஆளுங்கதான். முன்னமே சொல்லியிருக்கலாம்ல?'

— உங்கப்பாகிட்ட சொல்லிடப் போறாரு பாப்பா.

— சொல்லட்டும் ஆன்ட்டி. வேல வந்துட்டா நானே சொல்லுவேன்.

— ஜோஸ்பினு, தூறுது பாரு. மாடியில மொளகா கெடக்கு. இந்த முட்டிய வச்சினு என்னால ஏற முடியாது, ஓடு.

— போறேன். பிரியா, அவரு வேற ஏதாவது கேட்டா பாத்து பதில் போடு.

— நீ போ, நான் பாத்துக்கறேன்.

— சாக்கு எடுத்துனு போ ஜோஸ்பினு!

— ஜோஸ்பின்! எறங்குடி! அள்ளுனது போதும், எறங்கு! கையெழுத்து போட்டுட்டாரு!

— நெசமாவா?

— நாலு மணி பன்னெண்டு நிமிசத்துக்கு. வா, வந்து பாரு. வெரலாலயே கிறுக்கியிருக்காரு, அரிகரன்னு.

— மாதாவே, என் வவுத்துல பால வாத்த! நான் கோயிலாண்ட போயி ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு ஓடியாந்துடறேன். பாப்பா, போயிடாதீங்க. வந்து கேசரி கிண்டறேன்.

— மெதுவாப் போங்க ஆன்ட்டி. தர ஈரம்.

— பிரியா, நான் மேல போனப்ப அவரு இன்னொண்ணு கேட்டிருக்காரே. கையெல்லாம் மொளகா, நீயே கீழ தள்ளு.

— அத வுடு. கையெழுத்துதான் வந்துடுச்சுல்ல? இப்ப உன்னுதுதான் பாக்கி. அக்கவுண்ட் உன் பேருல இருக்கு, நீ போட்டாதான் ஒப்பந்தம் முடியும். கையக் கழுவிட்டு வந்து போடு.

— போடறேன். மொதல்ல தள்ளு.

— சொல்றேன் கேளு ஜோஸ்பின்...

— குடு, நானே பாத்துக்கறேன். 'காலைல காலனி விலாசம் போட்டு ஒண்ணு வந்துச்சே, அந்தப் பொண்ணு யாரு? நாலாம் பக்கத்துலயும் அது பேரு இருக்கே?' இது அவரு. கீழ நீ. 'அது எங்ககிட்ட வேல செய்ற பொண்ணு சார். தெரியாம அது பேருல அனுப்பிடுச்சு. உங்க வேலையில அது கை படாது.'

— வேற இன்னாடி எழுதச் சொல்ற? அவரு கேட்டுட்டு வெயிட் பண்ணினு இருந்தாரு. நீ மாடியில இருக்க.

— கை படாது.

— அது சும்மா ஒரு வார்த்த. யாரு மொதலாளின்னு நமக்குள்ள தெரியாதா?

— எங்கம்மா கை படாம அந்த மில்லுலேர்ந்து ஒரு மூட்ட அரிசி வெளிய போயிருக்குமா பிரியா?

— நான் கெட்ட எண்ணத்துல எழுதலடி. நீ மெட்ராசுக்குப் போவக் கூடாது, ஆன்ட்டி தனியா இருக்கக் கூடாது, அதுக்குத்தான். சத்தியமா.

— யோசிச்சு எழுதுனியா?

— இல்ல. யோசிக்கவே இல்ல. டக்குன்னு வந்துடுச்சு.

— அதான். யோசிக்காமலே வந்துடுச்சு.

— காலேஜ்லேர்ந்து ஒண்ணா இருக்கோம். ஒரு கமெண்ட்டுக்காக மூஞ்சத் திருப்பிக்குவியா? ஜோஸ்பின், இங்க பாரு, என்னப் பாரு. அஞ்சு மணிக்கு இது காலாவதி ஆயிடும். மொதல்ல கையெழுத்தப் போடு, அப்புறம் எவ்ளோ வேணா திட்டு, அடி, வாங்கிக்கறேன். ஏய், இன்னா பண்ற? அது வேல வேணாம்னு திருப்பி அனுப்பற பட்டன்டி! அத அழுத்தாத! ஜோஸ்பின்!

— இன்னா பாப்பா, தெருமொன வரைக்கும் சத்தம் கேக்குது? மெழுகுவத்தி ஏத்திட்டேன். கையெழுத்து போட்டாச்சா ஜோஸ்பினு?

— இல்லம்மா. வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன்.

— திருப்பி அனுப்பிட்டியா? வந்த வேலயவா? அப்ப திங்கக்கெழம...

— போவணும்மா. ஒரு மாசம் பொறு, அங்க ஒரு வூடு பாத்துட்டு வந்து உன்னக் கூட்டினு போறேன்.

— ஏண்டி? பிரியா பாப்பா ஏன் அழுவுது? மில்லுக்காரருக்கு இன்னான்னுடி சொல்லி அனுப்புன?

— காரணம் எழுதுனாதான் திருப்பி அனுப்ப முடியும்னு ஒரு கட்டம் வந்துச்சும்மா. 'உங்களுக்குச் சொன்னாங்களே, வேல செய்ற பொண்ணு, அது இன்னியோட வேலய வுட்டு நின்னுடுச்சு'ன்னு எழுதிட்டேன்.