மதில்குன்றில் பிடித்த இடம்

உச்சிப்பொழுது. ஆளற்ற மலைப்பாதை... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கரண்டு வரும்போது வரட்டும். இது நம் பெனிஸ்டனுடைய பெரியப்பாவுக்கு நேர்ந்தது. இருட்டில் அல்ல. பட்டப்பகலில்.

பெரியப்பா பெயர் தேவபிரசாதம். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் முந்திச் சென்று, தோளில் கிடக்கும் துண்டை விரித்து மனைவிக்கு இடம் பிடித்துவிடுவார். பேருந்தாகட்டும், பந்தியாகட்டும், தேவாலயக் கன்வென்ஷன் கூட்டப் பந்தலாகட்டும். மனைவி அற்புதமணியம்மாளுக்கு முழங்கால் வலி, நிற்க ஏலாது. அன்பை வாயால் சொல்லியறியாத மனிதர், துண்டால் சொன்னார்.

அவர்கள் தேவாலயச் சபையார் ஒரு வேன் பிடித்து மதில்குன்றுக்குப் போயிருந்தார்கள். குன்றின் முடியை வளைத்த கருங்கல் மதில். உள்ளே பழைய ஊர். தெருவுண்டு, சுவருண்டு, குடியில்லை. கிழக்கே கடல் ஒரு வெள்ளிக் கீற்றாய்க் கிடந்தது.

நிழலென்று இருந்தது ஒரே ஒரு மண்டபம். உள்ளே நான்கு கல்லிருக்கைகள். மூன்றில் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு சிவப்புச் சேலை. ஒரு கம்பளி. ஒரு குழந்தைச் சட்டை. நமக்கு முன்னே யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, பெரியப்பா நான்காவதில் தம் துண்டை விரித்தார்.

பின்னால் வந்த சபைக்காரர் எஸ்றா சிரித்தார். “அண்ணாச்சி, குடியத்த ஊர்லயும் துண்டு போட்டுட்டியளா?”

“போடலேன்னா பெறகு எடம் கெடைக்காதுலே.”

அற்புதமணியம்மாள் நொண்டி நொண்டி வந்து அமர்ந்தார். “ஏங்க, இங்கன எப்படிக் குளுந்து கெடக்கு!” கண்கள் தாமே மூடிக்கொண்டன.

பெரியப்பா தண்ணீர் வாங்கக் கோட்டை வாயிலுக்கு இறங்கினார். அங்கே காவலாள் முத்துக்கனி பீடி புகைத்துக்கொண்டிருந்தார்.

“மண்டபத்துல வேற வேன்காரவ துணி போட்டிருக்காவளே, ஆளு எங்க?”

முத்துக்கனியின் விரலிலிருந்து பீடி நழுவியது. “இன்னைக்கு உங்க வேன் ஒண்ணுதான் அண்ணாச்சி வந்திருக்கு... நீங்க அங்கன ஒண்ணும் போடலேல்லா?”

பெரியப்பா திரும்பி ஓடினார். மண்டபத்தில் நனைந்த சுண்ணாம்பின் வாடை. எந்தச் சுவருக்குப் பின்னாலோ அம்மி அரைபடும் ஓசை... சர்ரக்... சர்ரக்... மனைவி அமர்ந்தபடியே இருந்தார். கம்பளி இருந்தது. சட்டை இருந்தது. சிவப்புச் சேலையைக் காணவில்லை.

“எந்திரிளா மணி!” கையைப் பற்றி இழுத்தார். கை பஞ்சாய் எழுந்து வந்தது. துண்டை உருவி உதறித் தோளில் போட்டார். கர்த்தருக்கு நன்றி சொன்னார். அற்புதமணியம்மாள் முழங்காலைப் பிடிக்கவில்லை. அவருக்கு முன்னே விறுவிறுவெனப் படியிறங்கினார்.

பொழுது சாய்ந்தது. வேன் உப்பளங்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. எல்லோரும் கீர்த்தனை பாடினார்கள். அருகிலிருந்த மனைவி மட்டும் வாய் திறக்கவில்லை. அப்போது பெரியப்பாவின் கைப்பேசி ஒலித்தது. மனைவியின் எண். ‘போனை மண்டபத்திலேயே விட்டுவிட்டாள் போலும், காவலாள் எடுத்திருப்பார்’ என்று காதில் வைத்தார்.

“ஏங்க... எங்க போயிட்டிய?” அற்புதமணியின் குரல். மூச்சிரைப்பும் அவருடையதே. “கண்ணு முழிச்சுப் பாத்தா ஒருத்தரயும் காணோம். வாசக் கதவச் சாத்துதாவ. கூப்பாடு போடுதேன்... காதுல வாங்க மாட்டேங்காவ. எந்திரிக்க முடியலங்க... சீக்கிரம் வாங்க.”

“வண்டியத் திருப்பு!” என்று அலறினார்.

ஓட்டுநர் மாரிராஜ் திகைத்து வேனை ஓரம் கட்டினான். “யார உட்டுட்டு வந்தோம் அண்ணாச்சி? எல்லாரும் இருக்காவளே!”

பாட்டு நின்றது. அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள்; பிறகு அவர் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார்கள். யாரைக் காட்டி, யாரைக் காணோம் என்று சொல்வார்? கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். காதுக்குள் அற்புதமணி அழுதுகொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்தவள் அவர் கைமேல் தன் கையை வைத்தாள். நனைந்த சுண்ணாம்பு வாடை. பரிவோடு, மெல்லச் சொன்னாள்:

“வச்சிருங்க. பாவம்... அவளுக்குச் சார்ஜ் தீந்துரும்.”