சுவரோரத்து இருக்கை

நம் டுவேனின் பெரியப்பாவுக்கு நடந்தது இது. சொல்லும்போது டுவேன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

மாலை ஆறரை மணி... பிப்ரவரி என்பதால் அதற்குள் கும்மிருட்டு. ஒமாஹா நகரத்துக்குப் போகும் சாலையில் முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட சோள வயல், அதன்மேல் பனி. பெரியப்பா ஆர்வில் குசேரா தனியாக ஓட்டிக்கொண்டு போனார். வயது எழுபத்தாறு. டிராக்டர் இரைச்சலிலேயே காலம் கழித்ததில் காது பாதிதான் கேட்கும்.

நியூயார்க்கிலிருந்து ஊர் ஊராக வரும் பிராட்வே இசை நாடகங்களை அவரும் மனைவி அர்லீனும் பதினான்கு வருடமாக ஒன்றுவிடாமல் பார்த்தவர்கள். எப்போதும் அதே தியேட்டர், அதே வரிசை. அர்லீன் சுவரோரம், அவர் பக்கத்தில். நவம்பரில் அர்லீன் இறந்துபோனார். வருடத்து நாடகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இருவருக்குமான சீசன் டிக்கெட்டோ கோடையிலேயே எடுத்தது.

"தனியா அவ்ளோ தூரம் எதுக்குப்பா?" என்றாள் மகள் டெனிஸ்.

"வீட்ல மட்டும் யார் கூட இருக்கேன்?" என்றார்.

தியேட்டரில் விளக்கு அணைந்தது. திரை உயர்ந்தது. அர்லீன் இருந்தால் எல்லாப் பாட்டையும் கூடவே முணுமுணுப்பார். இவர் முழங்கையால் இடிப்பார். அன்றும் பழக்கத்தில் முழங்கை நகர்ந்தது... வெறும் காற்று.

இடைவேளையில் அவருக்கு முன்வரிசையில் இருந்த பெண் திரும்பினாள். அந்த வருடம்தான் புதிதாக சீசன் டிக்கெட் எடுத்தவள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் பாடாம இருக்கச் சொல்லுங்க."

ஆர்வில் சுவரோரம் பார்த்தார். காலி.

"எங்க... ரெஸ்ட்ரூம் போயிருக்காங்களா?" என்றாள் அவள்.

"ஆமா," என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. பிற்பாதி முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அர்லீன் எப்போதும் வாயில் போட்டுக்கொள்ளும் செர்ரி இருமல் மிட்டாய் வாசனை மட்டும்... லேசாக.

மறுநாளே காது மிஷின் வாங்கினார். வருடக்கணக்காக மகள் கெஞ்சியும் வாங்காதவர். ஏப்ரலில் வரும் அடுத்த நாடகத்துக்கு, கல்யாண நாளுக்குக் காத்திருப்பவர்போல நாட்களை எண்ணினார்.

ஏப்ரல். மிஷினில் எல்லாம் கேட்டது. யாரோ காகிதம் பிரிப்பது, வயலின்காரர் பக்கம் புரட்டுவது... பக்கத்து இருக்கையிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. இடைவேளை வந்ததும் அவரே முன்வரிசைப் பெண்ணின் தோளைத் தொட்டார்.

"இன்னிக்குப் பாடறாளா?"

"இல்ல சார்." அவள் சுவரோரம் பார்க்கவே இல்லை. "இன்னிக்கு உங்களைக் கூப்பிட்டுட்டே இருக்காங்க. நீங்கதான் பதிலே சொல்ல மாட்டேங்கறீங்க."

"என்ன சொல்றா?"

"'ஆர்வில், எனக்கு அந்தப் பக்கம் யாரு? என் கையை விட மாட்டேங்கறான்'னு... திரும்பத் திரும்ப அதேதான்."

அர்லீனுக்கு அந்தப் பக்கம் இருக்கை கிடையாது. சுவர்தான்.

அந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. விளக்கு மங்கியது. ஆர்விலின் கால்கள் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டன. பிறகு என்ன நினைத்தாரோ... "இந்தப் பக்கம் வந்துடு, அர்லீன்," என்று மெல்லச் சொல்லிவிட்டு, தானே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது. இடது கையைச் சுவரை ஒட்டிய கைப்பிடியில் வைத்தார்.

அவர் எழுந்த இருக்கை மடங்கியிருக்க வேண்டும். மடங்கவில்லை. ஆளே இல்லாமல் தாழ்ந்தபடியே நின்றது. மேடையில் நாற்பது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்... வெகுநேரம் கழித்து, டக். இருக்கை தானாக மேலேறியது. வரிசை நெடுக யாருக்கோ வழிவிடுவதுபோல ஒவ்வொருவராக முழங்காலை ஒதுக்கினார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் மட்டும் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார். நாடகம் முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, தியேட்டர்க்காரர்கள் வந்து எழுப்பும்வரை.

மே கடைசியில் அர்லீன் கல்லறைக்குப் பூ வைக்க டுவேன் அவரைக் கூட்டிப்போனான். பூங்கொத்தை ஒற்றைக் கையில் பிடித்தபடி பெரியப்பா நடந்தார். இடது கை மட்டும் உடம்பைவிட்டுச் சற்று விலகி, விரல்கள் மடங்கி, ஆடாமல் நின்றது. மேட்டில் கால் தடுமாறியது. தாங்கிக்கொள்ள டுவேன் இடப்பக்கம் ஓடினான்.

"அந்தப் பக்கம் வராதடா," என்றார் பெரியப்பா, தாழ்ந்த குரலில். "அவன் மேல இடிச்சிடுவே."